கண்டெடுத்தவர் பெயர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக் காப்பிக்குத் தம்பி வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்த நேல் காக்மன், மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகு அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

கிழங்கு வளர்ப்போர் சங்கத்தின் படிவம் அது. புதிதாக ஒரு துலிப் பிறந்தால் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் அழிக்க முடியாது. வகை என்ற இடத்தில் கிளித் துலிப் என்று இருந்தது. நிறம், செர்ரிச் சிவப்பில் பச்சைக் கீற்று. பெயர், ஹெஸ்டர் வியார்டா. அதற்குக் கீழே, கண்டெடுத்தவர் என்ற இடத்தில், தம்பியின் குண்டுக் கையெழுத்தில் 'ஆரி காக்மன், 1967' என்று எழுதியிருந்தது.

ஆண்டு சரி. மற்றது பச்சைப் பொய்.

தம்பி மனைவி கிரே காப்பியை ஊற்றி, டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்து வைத்து மூடியை அழுத்தினாள். பிரேஸாண்ட் ஊரில் ராணியே வந்தாலும் காப்பிக்கு ஒரு பிஸ்கட்தான். நேல் பிஸ்கட்டைத் தொடவில்லை.

"இது என்ன ஆரி?"

"சங்கத்துக்குப் போற பேப்பர். சனிக்கிழமை சங்கத்து ஆள் வர்றப்போ கையில குடுக்கணும்."

"கண்டெடுத்தது நீன்னு போட்டிருக்கே."

"அது கம்பெனி பேரு நேல். கொட்டகை மேல என்ன எழுதியிருக்கு? ஆரி காக்மன்னுதானே? அதைத்தான் இதுலயும் எழுதினேன். நீயும் காக்மன்தான், நானும் காக்மன்தான். இதுல என்ன பிரிச்சுப் பாக்குறே?"

சொல்லிவிட்டுக் காப்பியில் பிஸ்கட்டை நனைத்தான். முகத்தில் ஒரு கூச்சம் கிடையாது. நேல் நின்றுகொண்டிருப்பதைக்கூட அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்திலேயே அவள் காப்பியை அவன் மடியில் கவிழ்த்திருக்க வேண்டும். ஐம்பது வயதாகியும் கவிழ்க்கப் பழகாதவள் அவள்.

"அதைக் கண்டெடுத்தது நான்" என்றாள். "நீ பிடுங்கச் சொன்னே."

"அது எந்தக் காலத்துக் கதை" என்றான் ஆரி. பிறகு, சனிக்கிழமை பெயர்சூட்டு விழாவுக்கு அறுபது பேர் வருகிறார்கள், கொட்டகையில் காப்பி அவள்தான் போட வேண்டும், அவள் காப்பிக்கு ஈடு இல்லை என்று ஐஸ் வைத்தான். நேல் வெளியே வந்துவிட்டாள். கிரே ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்தக் காலத்துக் கதை அது? சொல்கிறேன். பதினேழு வருஷத்துக் கதை.

அப்போது அப்பா படுக்கையில் விழுந்து, நிலம் ஆரியின் கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் என்றால் நிலம், மகள் என்றால் வேலை. அதுதான் அந்த வீட்டுக் கணக்கு. நேல் மூத்தவள். பதினான்கு வயதிலிருந்து வயலில் குனிந்தவள். ஆரியின் வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக ஒரு சின்ன வீடும் கொஞ்சம் தோட்டமும் அவளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. மே மாதத்தில் அவளுக்கு நோய் பொறுக்கும் வேலை. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். இதழில் கோடு விழுந்திருந்தால், இலை நெளிந்திருந்தால் அது வைரஸ். கிழங்கோடு தோண்டிப் பையில் போட வேண்டும். ஒன்றை விட்டால் அசுவினி பூச்சி அதை நூறாக்கிவிடும். ஆய்வாளர் வந்து நாலு நோய்ச் செடியைப் பார்த்தால் வயல் முழுவதற்கும் தரம் குறைத்துவிடுவார்.

அன்றைக்கு இளஞ்சிவப்புத் துலிப் வயலில், வழவழவென்ற மொட்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் முட்டைக்கோஸ் மாதிரி கசங்கிப் பச்சையாக நின்றது. இதழ் ஓரமெல்லாம் கிழிந்து சுருண்டிருந்தது. நேல் முதலில் நோய் என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தால் இலையில் ஒரு பொட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. நோய்ச் செடி குன்றிப்போகும். இதுவோ மற்றதைவிடத் தடிமனாக நின்றது. பின்னாலேயே வந்த ஆரி எட்டிப் பார்த்தான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? பிடுங்கிப் போடு. ஆய்வாளர் வர்ற நேரம்."

"இது நோய் இல்ல ஆரி. இலையைப் பாரு."

"பிடுங்குன்னா பிடுங்கு."

பிடுங்கினாள். மண்கட்டியோடு பிடுங்கிப் பையில் போட்டாள். மாலையில் மற்ற எல்லாவற்றையும் குழியில் கொட்டிவிட்டு, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து ருபார்ப் செடிக்குப் பக்கத்தில் நட்டாள். ஒருவேளை நோயாகவே இருந்தால் ஊர் வயலுக்கெல்லாம் பரவிவிடுமே என்று பயந்து, பூச்சி அண்டாமல் இருக்கப் பழைய ஜன்னல் திரையை நாலு குச்சியில் கட்டி அதன்மேல் போட்டாள். இரண்டு வருஷம் அந்தத் திரை இருந்தது. தனக்குக் கல்யாணம் ஆகாத நேல், பூவுக்கு முக்காடு போட்டுவிட்டாள் என்று வயல் பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை எந்தப் பாத்தி என்று கேட்டார்கள். ஆரியும் சேர்ந்துதான் சிரித்தான். அதை அவள் மறக்கவில்லை, ஏன் மறக்க வேண்டும்?

மூன்றாம் வருஷம் திரையை எடுத்தாள். நோய் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. இளஞ்சிவப்புத் தாயிலிருந்து தானாகவே மாறிப் பிறந்த, கிளியிறகு மாதிரி இதழ் கிழிந்த கிளித் துலிப் அது. ஒரு கிழங்கு இரண்டாகும், இரண்டு மூன்றாகும். கிளித் துலிப் அவசரப்படாது. காற்றடிக்காத வேலி ஓரமாகப் பார்த்து ஒரு சாண் ஆழத்தில் நட்டாள், ஏனென்றால் அதன் தலை கனம், தண்டு மெலிசு, மழை விழுந்தால் குப்புறப் படுத்துவிடும். பூ விரிந்த இரண்டாம் நாள் தலையைக் கிள்ளி எறிந்தாள். கிழங்கு பெருக்க வேண்டும் என்றால் பூ நிற்கக் கூடாது. அந்த ஊரே அப்படித்தான். பூவுக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஊரில் யாரும் பூவை இரண்டு நாளுக்கு மேல் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு இரண்டே இரண்டு பூவை மட்டும், ஒரு இலையோடு வெட்டி, தண்டு வளையாமல் இருக்க ஒரு மணி நேரம் செய்தித்தாளில் சுற்றித் தண்ணீரில் நிறுத்தி, பிறகு சமையலறை மேசையில் வைத்துக்கொள்வாள். அதுதான் அவள் எடுத்துக்கொண்ட சம்பளம்.

பதினோரு வருஷம் தம்பி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்ததில்லை. ஒருநாள் வெட்டுப்பூ வியாபாரி ஒருவர் ஆரியைத் தேடி வந்தவர் வழி தவறி நேலின் தோட்டத்துக்குப் போய், வாய் பிளந்து நின்றார். அன்று சாயங்காலமே ஆரி வந்து, இதை நல்ல நிலத்தில் போடலாமே நேல், உன் தோட்டம் போதாதே என்றான். அவள் கொடுத்தாள். அந்தப் பாத்தியில் தன்னைத் தவிர வேறு யாரும் நோய் பொறுக்கக் கூடாது, வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள். சரி என்றான். இப்போது அது ஆறாயிரம் கிழங்காகி நிற்கிறது. ஒவ்வொன்றையும் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வளர்த்தது.

அவளுக்குப் பூவின் பெயர் ஒரு பொருட்டில்லை. தன் பெயரை ஒரு பூவுக்கு வைத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைக்கிறவள் அவள். யார் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். கால்வாய்களையும் கரைகளையும் பார்த்துக்கொள்ளும் நீர்வாரியத் தலைவரின் மனைவி பெயரை வைத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றால் வைக்கட்டும். ஆனால் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் பொய் எழுதக் கூடாது. அந்த ஒரு வரிதான் அவளுக்கு வேண்டும். அதைத்தான் தம்பி எடுத்துக்கொண்டான், அதுவும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு.

புதன்கிழமை காலை அவள் பாத்திக்குப் போனபோது வரிசையின் நடுவே மொட்டையாக ஒரு பட்டை தெரிந்தது. கிட்டே போனாள். முந்நூறு தண்டுகளை மண்ணை ஒட்டி, இலையோடு வெட்டி எடுத்திருந்தார்கள். இலை போனால் கிழங்குக்குச் சாப்பாடு ஏது? அடுத்த வருஷம் அந்த முந்நூறும் வெங்காயத் தாள் அளவுக்குத்தான் வரும். அதைவிடக் கொடுமை, இன்னும் மொட்டெல்லாம் பச்சை. அந்த வசந்தம் குளிர். வடக்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மொட்டில்கூட நிறம் ஏறவில்லை.

நேல் வயலிலிருந்து கொட்டகைக்கு ஓடினாள். அவள் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. ஆரி குளிரறைக் கதவை மூடிக்கொண்டிருந்தான். உள்ளே வாளி வாளியாகப் பச்சை மொட்டு.

"என்ன பண்ணியிருக்கே நீ?"

"சனிக்கிழமைக்கு வெட்டி வச்சேன். அன்னைக்குக் காலையில வெட்ட ஆள் இருக்காது."

"பச்சையா வெட்டியிருக்கே ஆரி. கிளியைப் பச்சையா வெட்டக் கூடாது. செடியிலேயே நிறம் ஏறணும். வெட்டினப்புறம் அது ஏறாது."

அவன் சிரித்தான். சின்னப் பிள்ளையிடம் சிரிப்பது மாதிரி.

"நேல், முப்பது வருஷமா துலிப் வெட்டுறேன். மொட்டு இறுக்கமா இருக்கப்போ வெட்டினாத்தான் ஜாடியில நிக்கும். நீ காப்பியைப் பாரு, பூவை நான் பாத்துக்குறேன்."

முப்பது வருஷமாக அவன் வெட்டியது சிவப்பும் மஞ்சளும். வழவழப்பான சாதாரணத் துலிப். கண்ணாடி வீட்டில் குளிர்காலத்தில் பூக்க வைத்து, ஏலத்துக்கு அனுப்புவது. அதைப் பச்சையாக வெட்டலாம், பச்சையாகத்தான் வெட்ட வேண்டும், வெதுவெதுப்பான அறையில் வைத்தால் நாளைக்கே சிவந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அவன் கை தானாகவே போயிருக்கிறது. தன் பூ என்று பதிவேட்டில் எழுதிக் கொடுக்கப்போகிறவனுக்கு அந்தப் பூவை எப்போது வெட்ட வேண்டும் என்று தெரியவில்லை. நேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, இனி அந்தப் பூவைப் பற்றித் தானாக வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு அவள் திரும்பினாள். வெட்டப்பட்ட வரிசையில் சருகுகளைப் பொறுக்கி, மிச்சமிருந்த அடித்தண்டுகளில் அழுகல் வராமல் மண் அணைத்தாள். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை.

வியாழன் மத்தியானம் காற்று நின்றது. வெள்ளிக்கிழமை வெயில் வந்தது.

சனிக்கிழமை கொட்டகையைக் கூட்டிக் கழுவி, கிழங்குப் பெட்டிகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். ஊர் ஊதுகுழல் குழுவிலிருந்து ஆறு பேர் வந்து ஓரமாக நின்றார்கள். நடுமேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் பெரிய ஜாடியில் முந்நூறு தண்டு. வாசலில் வந்த ஒவ்வொருவரும் ஜாடியைப் பார்த்தார்கள், மறுபடியும் பார்த்தார்கள், பிறகு காப்பி எங்கே என்று கேட்டார்கள். நேல் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு காப்பி ஊற்றினாள். பழக்கப்பட்ட கை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

நீர்வாரியத் தலைவரின் மனைவி வியார்டா அம்மா வந்தார். உயரமான, எலும்பான பெண்மணி. தொப்பி வைத்திருந்தாலும் கையைப் பார்த்தால் பால் கறந்த கை என்று தெரிந்தது. அவரோடு சங்கத்து ஆள் ஸான்ட்பெர்கன், கையில் தோல்பை. இவர் புதியவர்; முன்பு வந்துகொண்டிருந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். பெரியவர் வந்தால் நேரே நேலிடம் வந்து பாத்தியைச் சுற்றிவருவார். இவர் கொட்டகைப் பலகையைப் படித்துவிட்டு ஆரியிடம் கை குலுக்கி, அவன் நீட்டிய படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆரி மேடை ஏறினான். ஒருவனுக்குத் தொண்டை சரியில்லாமல் போகவேண்டிய நாட்கள் உண்டு, அன்றைக்குப் பார்த்து அவனுக்குக் கணீரென்று இருந்தது. அறுபத்தேழாம் வருஷம் மே மாதம் என்று ஆரம்பித்தான். இளஞ்சிவப்பு வயலில் தான் நடந்துகொண்டிருந்ததாகச் சொன்னான். கசங்கின ஒரு மொட்டைப் பார்த்ததாகச் சொன்னான்.

"வேற யாரா இருந்தாலும் பிடுங்கிப் போட்டிருப்பாங்க. எனக்கு என்னமோ மனசு கேக்கல. விடு, இது ஏதோ விசேஷம்னு தோணிச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். நேல் காப்பிக் கெட்டிலோடு நின்றாள். அவள் நினைத்ததை, பிடுங்கச் சொன்ன அதே வாய் கூசாமல் சொல்கிறது. நிலத்தை எடுத்துக்கொண்டான், பதிவேட்டில் வரியை எடுத்துக்கொண்டான், கடைசியில் அன்றைக்கு அவள் மனசுக்குள் நடந்ததையும் எடுத்துக்கொண்டான். திருடுவதற்கு இனி அவளிடம் வேறு என்ன இருக்கிறது? கெட்டிலை மேசையில் வைத்தாள், இல்லாவிட்டால் எறிந்திருப்பாள்.

ஷாம்பெயின் பாட்டிலை வியார்டா அம்மா கையில் கொடுத்தார்கள். பூவின் மேல் ஊற்றிப் பெயரைச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். அவர் ஜாடிக்கு முன்னால் நின்று கண்ணாடியை மூக்குக்குத் தள்ளிப் பார்த்தார்.

"இது பச்சை நிறத் துலிப்பா, மிஸ்டர் காக்மன்? சிவப்புன்னு சொன்னதா ஞாபகம்."

"சிவப்புதான் மேடம். சாயங்காலம் விரிஞ்சிரும்."

அவர் ஒரு மொட்டை விரலால் தொட்டார். கட்டியாக இருந்தது. பக்கத்திலிருந்த ஒன்றின் ஓரம் அதற்குள் பழுப்பாகியிருந்தது. ஸான்ட்பெர்கன் முன்னால் வந்து ஒரு தண்டை உருவி எடுத்தார், அடியை மோந்தார், மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கட்டத்துல வெட்டினீங்க?"

"எப்பவும் வெட்டுற கட்டத்துலதான்."

"கிளியையா?" என்றார் ஸான்ட்பெர்கன். அந்தக் கொட்டகையில் இருந்த அறுபது பேரில் ஐம்பது பேர் கிழங்கு வளர்ப்பவர்கள். அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குப் போதும். ஊதுகுழல்காரர்கூடக் குழலைக் கீழே இறக்கினார்.

"எப்போதான் நான் இதைச் சிவப்பாப் பாக்கலாம்?" என்று வியார்டா அம்மா கேட்டார். ஆரி வாயைத் திறந்தான். நாளைக்கு, திங்கட்கிழமை, கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் என்று ஏதேதோ சொன்னான். நேல் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்காமல் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள் அல்லவா.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து குரல் வந்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கிரே, தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"நேலைக் கேளுங்க. அவளுக்குத்தான் தெரியும்."

ஆரி மனைவியைப் பார்த்த பார்வையை அங்கே இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். கிரே அவன் பக்கம் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் பிஸ்கட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு எதைத் திறக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தாளோ தெரியாது.

"யார் நேல்?" என்றார் வியார்டா அம்மா.

"நான்தான் மேடம்."

"இது எப்போ விரியும்?"

"இது விரியாது. பச்சையா வெட்டினது, இப்படியே கருகிப்போகும். விரிஞ்சது பாக்கணும்னா கொட்டகைக்குப் பின்னாடி வாங்க. செடியில நிக்குது."

அவள் ஏப்ரனை அவிழ்க்காமல் முன்னால் நடந்தாள். வியார்டா அம்மா பாட்டிலோடு பின்னால் போனார். ஸான்ட்பெர்கன் போனார். அறுபது பேரும் காப்பிக் கோப்பையை அங்கங்கே வைத்துவிட்டுப் போனார்கள். ஆரி கடைசியாக வந்தான். வராமல் இருந்தால் இன்னும் மோசம் என்று தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் வெயிலில் வரிசை முழுவதும் திறந்துவிட்டிருந்தது. சிவப்பு, அதில் பச்சைக் கீற்று, ஓரத்தில் பால்நிறம். கிழிந்து சுருண்ட இதழ்கள் காற்றில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து வயலில் வழவழவென்ற மஞ்சள் துலிப்புகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. இவை எந்த வரிசைக்கும் அடங்கவில்லை. அப்புறம் நடுவில் மொட்டையாகக் கிடந்த பட்டையை எல்லோரும் பார்த்தார்கள்.

"இலையோட வெட்டியிருக்கு" என்றார் ஒரு கிழவர், யாரையும் பார்க்காமல்.

ஸான்ட்பெர்கன் மண்டிபோட்டுச் செடியின் அடியைப் பார்த்தார். பழைய தாய் ஜாதிக்கு இது திரும்பிப் போவது உண்டா என்று கேட்டார். கேள்வி ஆரியைப் பார்த்துத்தான் வந்தது. ஆரி, அப்படியொன்றும் இல்லை, சுத்தமான ஜாதி என்றான்.

"உண்டு" என்றாள் நேல். "ஒம்பது வருஷம் ஒண்ணுகூட இல்ல. பத்தாவது வருஷம் ரெண்டு இளஞ்சிவப்பு வந்துச்சு. போன வருஷம் நாப்பது பிடுங்கினேன். மொட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம் சார். இலை ஓரம் லேசா அலை மாதிரி இருந்தா கிளி. நேரா இருந்தா பழைய ஜாதி. அதோ ஒண்ணு நிக்குது பாருங்க, புதன்கிழமைக்கு அப்புறம் இந்தப் பக்கம் வர மனசு வரல, அதான் விட்டுப்போச்சு."

அவர் எட்டிப்போய்ப் பார்த்தார். சிவப்புகளுக்கு நடுவே ஒரு இளஞ்சிவப்பு, வழவழப்பாக நின்றது. நேல் போய் அதைக் கிழங்கோடு பிடுங்கி ஏப்ரன் பையில் போட்டாள்.

ஸான்ட்பெர்கன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். தோல்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். படித்தார். ஆரியிடம் நீட்டினார்.

"மிஸ்டர் காக்மன், இதுல ஒரு வரி நீங்களே அடிச்சுத் திருத்துறீங்களா? இல்ல நான் சங்கத்துல கேட்டு எழுதட்டுமா?"

ஆரி முகம் கிளித் துலிப் நிறத்துக்கு வந்தது. இத்தனை பேர் நடுவில், வயலில், தன் சொந்த மண்ணில். கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஸான்ட்பெர்கனின் தோல்பை மேல் படிவத்தை வைத்துக் குனிந்து, தன் பெயரை அடித்துவிட்டு 'நேல்' என்று எழுதினான். அவள் முழுப் பெயர் நேல்ட்யே என்றுகூட அவனுக்குத் தெரியும், ஆனால் அவ்வளவுதான் எழுதினான்.

வியார்டா அம்மா இன்னும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் பெயர் இதற்குப் பொருத்தமில்லை, கண்டெடுத்தவர் விரும்புகிற பெயரை வைக்கட்டும் என்றார். மனசாரத்தான் சொன்னார். நேல் தலையை ஆட்டினாள்.

"உங்க பேரே இருக்கட்டும் மேடம். உங்க மேல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. எனக்கு வேண்டியது கீழ் வரி."

அவர் சரி என்று பாட்டிலைச் சாய்க்கப் போனார். நேல் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இலை மேல வேணாம் மேடம். ஈரம் பட்டா பூசணம் பிடிச்சு பாத்தியே போயிரும். வரப்புல ஊத்துங்க."

வரப்பில்தான் ஊற்றினார். கிழங்கு வளர்ப்பவர்கள் ஐம்பது பேரும் அதற்குக் கைதட்டினார்கள், மேடைப் பேச்சுக்குத் தட்டியதைவிடப் பலமாக.

எல்லோரும் போன பிறகு நேல் கொட்டகைக்குத் தன் கோட்டை எடுக்க வந்தாள். ஆரி பச்சை மொட்டுகளை ஜாடியிலிருந்து அள்ளிக் குப்பைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே பேசினான்.

"ஊரைக் கூட்டி வச்சு என் மானத்தை வாங்கிட்டே. வீட்ல வச்சு சொல்லியிருக்கலாம்ல?"

நேல் கோட்டின் ஒரு கையை மாட்டியபடி நின்றாள்.

"வீட்லதான் சொன்னேன் ஆரி. திங்கக்கிழமை சொன்னேன், புதன்கிழமை சொன்னேன். வீட்ல நான் சொல்றது உனக்கு வெறும் சத்தம். ஊர் கேட்டப்புறம்தான் உனக்கு அது பேச்சு."

மேசைகளிலும் பெட்டிகளிலும் மேடைப் படியிலும் அறுபது காப்பிக் கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. நேல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவற்றை யார் கழுவினார்கள் என்று அவள் பிற்பாடும் கேட்கவில்லை.